பழைய வீடு: எதை இடிப்பது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: என் கணவரின் தாத்தா கட்டிய வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய கனமான சுவர்கள். கூடத்துக்கு மர உத்தரங்களின் மேல் போட்ட தளம். பின்னால் இருக்கும் சமையலறையும் அதை ஒட்டிய சின்ன அறையும் பிற்பாடு மாமனார் சேர்த்தவை, அவற்றுக்குக் கான்கிரீட் தளம். பழைய வீடும் இவையும் சேரும் இடத்தில், பக்கச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல். எத்தனை முறை பூசினாலும் திரும்ப வருகிறது. கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறி சிமென்ட் பூச்சு உதிர்கிறது.

நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், மூட்டுவலியால் சிரமப்படும் மாமியார். எனக்கும் கணவருக்கும் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு ஒரே பெரிய இடமாக்க ஆசை. பின்னால் மாமியாருக்குக் குளியலறையோடு ஓர் அறை கட்ட வேண்டும், வசதிப்படும்போது அதன் மேலே இன்னோர் அறை. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், "எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், அதுதான் சுலபம்" என்கிறார். இன்னொருவர், "அந்தச் சுவரை ஒரே நாளில் எடுத்துத் தருகிறேன்" என்கிறார். யார் சொல்வது சரி? வேலை நடக்கும்போது வீட்டிலேயே இருக்கலாமா?

பதில்: இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே நாளில் சுவரை எடுப்பதாகச் சொன்னவரை மறுபடி கூப்பிடவே வேண்டாம். இடிக்கச் சொன்னவர் பேச்சிலாவது பாதி நியாயம் இருக்கலாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

நீங்கள் எடுக்க நினைக்கும் சுவர் எது என்று உங்கள் கடிதத்தை வைத்தே சொல்லிவிடலாம். சமையலறை பிற்பாடு சேர்த்தது என்கிறீர்கள். அப்படியானால், கூடத்துக்கும் அதற்கும் நடுவில் இருப்பது தாத்தா கட்டிய வீட்டின் பின்பக்க வெளிச்சுவர். கூடத்து உத்தரங்கள் முன்பின்னாக ஓடினால் அவற்றின் ஒரு முனை அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். மாமனார் போட்ட கான்கிரீட் தளத்தின் ஒரு விளிம்பையும் அதன் மேலேயே ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம், அந்தக் காலத்தில் பலர் செய்தது அதுதான். ஆக, இரண்டு கூரைகளைத் தாங்கும் சுவர் அது. உத்தரங்கள் குறுக்காக ஓடுகின்றன என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டு நீளமான பக்கச் சுவர்களையும் சாயாமல் இழுத்துப் பிடித்திருப்பதில் அதற்குப் பங்கு உண்டு. சுண்ணாம்புச் சாந்து வீட்டில் கான்கிரீட் தூண் கிடையாது. சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால்தான் வீடு நிற்கிறது.

அதற்காக அந்தச் சுவரைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முழுச் சுவரையும் எடுக்காமல், 6 அல்லது 7 அடி அகலத்துக்கு ஒரு திறப்பு விடலாம். இரண்டு ஓரத்திலும் குறைந்தது இரண்டடிச் சுவர் நிற்கட்டும். அது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வது கட்டமைப்புப் பொறியாளரின் வேலை. திறப்புக்கு மேலே ஒரு பீம் வரும். பழைய வீடுகளில் நான் பெரும்பாலும் இரும்பு பீமையே விரும்புவேன். அங்கேயே வார்க்கும் கான்கிரீட் பீம் முழு வலுவுக்கு வர 28 நாள் ஆகும், அத்தனை நாளும் முட்டுகளின் தயவில் வீடு நிற்க வேண்டும். இரும்பு பீமை ஏற்றி, மேலே உள்ள இடைவெளியில் கெட்டியான கலவையை இறுகத் திணித்துவிட்டால் காத்திருப்பு சில நாட்களில் முடிந்துவிடும்.

இந்த வேலையில் பலர் கோட்டை விடுவது பீமின் அடியில். முழுச் சுவரின் மேல் பரவியிருந்த பாரம் இப்போது இரண்டு முனைகளில் வந்து குவிகிறது. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, ஒரே இடத்தில் அழுத்தினால் நொறுங்கும். அதனால் பீமின் இரு முனைக்கும் கீழே பாரத்தைப் பரப்ப ஒரு கான்கிரீட் படுக்கைக் கட்டை வேண்டும். அந்த இடங்களில் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று ஒரு சின்னக் குழி தோண்டிப் பார்க்கவும் வேண்டும். சுவரில் ஆங்காங்கே ஓட்டை போட்டு, குறுக்கே சட்டம் செருகி, இருபக்கமும் முட்டுக் கொடுத்த பிறகுதான் ஒரு செங்கல்லையாவது உருவ வேண்டும். ஒரே நாளில் முடிப்பதாகச் சொன்னவர் இதில் எதைச் செய்யப்போவதில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இது பொறியியல் இல்லை, என் சொந்த அபிப்பிராயம். நீங்கள் இருவருமே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்கள், பிள்ளைகள் இருக்கிறார்கள், மிக்ஸி ஓடும், தொலைக்காட்சி ஓடும். சுவரே இல்லாத ஒற்றைப் பெரிய இடம் படத்தில் அழகாக இருக்கும். உங்களுக்குத் தேவைப்படுவதோ சாத்தக்கூடிய கதவுகள். 7 அடித் திறப்பில் ஒரு சறுக்குக் கதவைப் போட்டுவிட்டால் வேண்டும்போது ஒன்று, வேண்டாதபோது இரண்டு. சுவருக்கும் அதுதான் நல்லது.

சரி, அந்த விரிசல். அது திரும்பத் திரும்ப வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. தாத்தா கட்டிய பகுதி எவ்வளவு அமுங்க வேண்டுமோ அவ்வளவு அமுங்கி, பல வருடங்களுக்கு முன்பே அசையாமல் நின்றிருக்கும். மாமனார் சேர்த்த பகுதியின் அஸ்திவாரம் வேறு ஆழம், வேறு பாரம், அது தன் போக்கில் அமுங்கியிருக்கும். போதாததற்கு வெயிலில் கான்கிரீட் தளம் விரியும், குளிரில் சுருங்கும். இரண்டு தனித்தனிக் கட்டடங்களை ஒன்றாக ஒட்டிவைத்தால் ஒட்டிய இடம் பிளக்கத்தான் செய்யும். அதை சிமென்ட்டால் பூசுவது, முழங்கையின் மேல் மாவுக்கட்டுப் போட்டுவிட்டுக் கையை மடக்கச் சொல்வது மாதிரி.

செய்ய வேண்டியது இதுதான். விரிசலுக்கு இருபுறமும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, நடுவில் உள்ள தூரத்தை அளந்து, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் போதும். மாதம் ஒருமுறை அளந்து, மழைக்காலமும் வெயில்காலமும் ஒரு சுற்று வரும்வரை பாருங்கள். கொஞ்சம் திறந்து மூடிக்கொண்டிருந்தால் கவலைப்பட வேண்டாம். அந்த இடத்தை நேராக வெட்டி, சிமென்ட்டுக்குப் பதிலாக நெகிழும் சீலன்ட்டை நிரப்பி, மேலே ஒரு பட்டையால் மூடிவிடலாம், அப்புறம் அதைப் பற்றி மறந்துவிடலாம். விரிசல் ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போனாலோ, அகலம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ கதை வேறு. அப்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது பக்கத்தில் ஓடும் கழிவுநீர்க் குழாயை. கசியும் குழாய் அஸ்திவாரத்தடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

இந்த விரிசலிலிருந்து உங்கள் புதிய அறைக்கு ஒரு பாடம் இருக்கிறது. புதிதாகக் கட்டுவது எதுவானாலும் அது தன் காலில் நிற்க வேண்டும். சொந்த அஸ்திவாரம், சொந்தத் தூண், சொந்தத் தளம். பழைய சுவரில் துளையிட்டுப் புதிய தளத்தின் விளிம்பைச் செருகலாம், இரண்டு தூண் மிச்சம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு, மழைநீர் இறங்காதபடி மேலே தகடு போட்டு மூடிவிட வேண்டும். தோண்டும்போதும் கவனம் தேவை. பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாக நீளப் பள்ளம் வெட்டினால் அதன் பிடிமானமே போய்விடும். ஒட்டி வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மூன்று நான்கு அடித் துண்டுகளாக வெட்டி, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட வேண்டும்.

மேலே ஓர் அறை பிறகு வரும் என்கிறீர்கள். பிறகு என்பதை இப்போதே வரைபடத்தில் போடுங்கள். தூணும் அஸ்திவாரமும் இரண்டு தளத்துக்கான கணக்கில் வர வேண்டும், பின்னால் பலப்படுத்துவது பெரிய தலைவலி. அதைவிட முக்கியம் மாடிப்படி. பத்தடி உயரம் ஏற, படிக்கு ஆறரை அங்குலம் என்று வைத்தால் கிட்டத்தட்ட 18 படி. கால் வைக்கும் அகலம் படிக்குப் பத்தோ பதினோரு அங்குலமோ வேண்டும். நேராகப் போனால் 15 அடி நீளத்தை விழுங்கும், திருப்பிக் கட்டினாலும் ஒரு சின்ன அறையின் இடம் போகும். அது எங்கே என்று இன்று தெரியாவிட்டால், நாளை மாமியாரின் அறைக்குள்ளேயே படி இறங்கும்.

இப்போது வெளிச்சம். பின்னால் அறையை ஒட்டிக் கட்டினால் சமையலறைக்குப் பின்பக்க ஜன்னல் போய்விடும். முன்னால் கூடம், பின்னால் புது அறை, நடுவில் சமையலறை பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உள்ளே பயன்படும்படி வரும் என்பது ஒரு பொதுவான கணக்கு. 7 அடி உயர ஜன்னல் என்றால் 14 அடி. அதனால் கூடத்துச் சுவரில் திறப்பு விட்டாலும் முன்பக்க வெளிச்சம் சமையலறைக்குப் போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. இடம் இருக்குமானால் புதிய அறையைச் சமையலறையை ஒட்டாமல் ஐந்தாறு அடி தள்ளிக் கட்டுங்கள். நடுவில் திறந்த வெளி, ஓர் ஓரமாக மூடிய நடைபாதை மட்டும் இரண்டையும் சேர்க்கட்டும். சமையலறையின் ஜன்னல் பிழைக்கும், காற்று ஓடும். பழையதும் புதியதும் தொடும் இடம் நடைபாதையின் அகலத்துக்குச் சுருங்கிவிடுவதால் விரிசலின் தொல்லையும் அந்த அளவுக்குக் குறையும். தரை அளவில் கொஞ்சம் இழப்புதான். ஆனாலும் நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

மாமியாரின் அறையைப் பற்றி ஒரு யோசனை. வீட்டின் கடைசியில் அவருக்கு அறை கட்டுவதைவிட, சமையலறையை ஒட்டியுள்ள அந்தச் சின்ன அறையை அவருக்கென்று திருத்தி, புதிய அறையை நீங்கள் எடுத்துக்கொண்டால் என்ன? அவர் வீட்டின் நடுவில் இருப்பார், ஆட்களின் சத்தம் கேட்கும், கூப்பிட்டால் யாருக்காவது காதில் விழும். உங்கள் வேலைக்கோ, சத்தத்திலிருந்து தள்ளியிருக்கும் அந்தப் பின்னறைதான் பொருத்தம். அவரையே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். எந்த அறையானாலும் கதவு திறந்தபின் கிடைக்கும் வழி 3 அடி இருக்க வேண்டும், வாசலில் படியோ மேடோ கூடாது. குளியலறையில் 5 அடிக்கு 5 அடி தடையில்லாத இடம் விட்டால், நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் திரும்பும். கைப்பிடி மாட்டும் சுவரை இப்போதே திடமாகக் கட்டச் சொல்லுங்கள், வெறும் பலகைத் தடுப்பில் கைப்பிடி நிற்காது. தரைமட்ட வித்தியாசத்தைத் தவிர்க்க முடியாத இடத்தில் சாய்தளம், ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில்.

கூடத்துச் சுவரின் ஈரத்துக்கு வருவோம். இடுப்பளவோடு நிற்கிறது என்பதால் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறுவதுதான். அதற்கும் மேலே தனித் திட்டாகத் தெரிந்தால் குழாயையோ கூரையையோ பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசியதும் வெளியேறும் வழி அடைபட்டுப்போகிறது. ஈரம் இன்னும் உயரமாக ஏறுகிறது, அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி அதைத் தள்ளிவிடுகிறது. மறுபடி சிமென்ட் பூசினால் மறுபடி உதிரும். டைல்ஸ் ஒட்டி மறைத்தால் இன்னும் மோசம்.

முதலில் வெளியே போய்ச் சுவரைச் சுற்றிப் பாருங்கள். இத்தனை வருடத்தில் மண்ணும் தளமும் ஏறி, வெளித்தரை உள்தரைக்குச் சமமாக வந்திருக்கும். அதை உள்தரைக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே இறக்கி, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். பிறகு ஈரக்கோட்டுக்கு ஓரடி மேலே வரை சிமென்ட் பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுவரைச் சும்மா விடுங்கள். கனமான சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம்.

வயரிங், குழாய் இரண்டையும் முழுக்க மாற்றுவதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. பழைய ரப்பர் உறை வயர் காய்ந்து பொடியாகும். எர்த் இணைப்பே இல்லாத பிளக்குகள் இருக்கலாம். 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறி அடைத்திருக்கும். ஒன்றே ஒன்று: வயரையும் குழாயையும் பதிக்கப் பழைய சுவர்களில் குறுக்கு வாட்டத்தில் ஆழமாகக் காடி வெட்ட விடாதீர்கள். மேலிருந்து கீழாக வெட்டினால் சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, குறுக்காக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் போகக்கூடாது.

எல்லாவற்றையும் இடிக்கச் சொன்னவருக்கு வருகிறேன். கூடத்து உத்தரங்களின் முனை, சுவருக்குள் நுழையும் இடத்தில், ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மரம் எதிர்த்து நின்றால் சந்தோஷம். பொசுக்கென்று உள்ளே போனால் கரையானோ மக்கலோ இருக்கிறது. ஒன்றிரண்டு முனைகள் கெட்டிருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம், எல்லாமே போயிருந்தால் அந்தக் கூரையை இறக்குவதுதான் வழி. அடுத்து மாமனார் போட்ட கான்கிரீட் தளத்தை அடியிலிருந்து பாருங்கள். கம்பி துருப்பிடித்தால், அந்தத் துரு தான் தின்ற இரும்பைப்போலப் பல மடங்கு உப்பி, மூடியிருக்கும் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். துருக்கறை, நீளவாக்கில் விரிசல், தட்டினால் பொள்ளென்ற சத்தம் எல்லாம் சேர்ந்து இருந்தால் அந்தத் தளத்துக்கு நாள் எண்ணப்படுகிறது என்று அர்த்தம். என் ஊகம், உங்கள் வீட்டில் இடிக்க வேண்டியது ஏதாவது இருக்குமானால் அது பின்னால் சேர்த்த பகுதியாகத்தான் இருக்கும். தாத்தாவின் சுவர்கள் இன்னும் பல காலம் நிற்கும், வெயிலையும் சத்தத்தையும் அவை தடுக்கிற அளவுக்கு இன்றைய மெல்லிய சுவர் தடுக்காது. பின்பகுதி மோசம் என்று தெரிந்தால் சமையலறை, சின்ன அறை, புதிய அறை மூன்றையும் ஒரே திட்டமாகத் தூண் வைத்துக் கட்டிவிடலாம், எல்லாவற்றுக்கும் ஒரே அஸ்திவாரக் கணக்கு. முழு வீட்டையும் இடிப்பதற்கு முன் உங்கள் இடத்துக்கான இன்றைய கட்டட விதிகளையும் பார்த்துவிடுங்கள். எல்லையை ஒட்டி நிற்கும் பழைய வீட்டை இடித்தபின், அதே அளவுக்குக் கட்ட அனுமதி கிடைக்காமல் போவதுண்டு.

இதையெல்லாம் பார்த்துச் சொல்ல, வேலையை எடுத்துச் செய்யப்போகாத ஒரு பொறியாளரை முதலில் கூப்பிடுங்கள். ஒப்பந்தக்காரர்கள் அவர் வரைந்து தருவதற்கு விலை சொல்லட்டும். யார் எவ்வளவு சொன்னாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள், பழைய வீட்டில் சுவரைத் திறந்தபின்தான் பாதி விஷயம் தெரியவரும்.

வீட்டிலேயே இருக்கலாமா? வரிசையைச் சரியாக வைத்தால் பெரும்பாலான நாட்கள் இருக்கலாம். வெளித்தரையை இறக்குவதும் பூச்சைச் செதுக்குவதும் முதலிலேயே நடக்கட்டும், சுவர் காய்வதற்குள் பின்னறை எழும்பிவிடும். பின்னறையும் அதன் குளியலறையும் முடிந்ததும் குடும்பம் அங்கே நகர்ந்துவிட்டால், முன்பக்க வேலைகளுக்கு இடம் கிடைக்கும். சுவரில் திறப்பு விடும் நாட்களிலும் பீம் முழுதாக உட்காரும்வரையிலும் மட்டும் யாரும் வீட்டில் இருக்க வேண்டாம். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போதும் அப்படித்தான். அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகக் கெடுதல். உலர்ந்த நிலையில் தேய்க்க விடாமல் நனைத்துச் சுரண்டச் சொல்லுங்கள். பின்பக்கம் எங்காவது பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் அதை உடைக்கவோ துளையிடவோ கூடாது, கழற்றத் தெரிந்தவர்களை வைத்து முழுத் தகடாக இறக்குங்கள். அந்த வேலை முடிந்து இடத்தை ஈரத்துணியால் துடைத்தபின் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.